இளங் கூடைப்பந்தாட்டக்காரரும் தன்னம்பிக்கையும்



பாடசாலை மைதானம் ஒன்றில் மாலை வேளையிற் கூடைப்பந்தாட்டப் போட்டி நடைபெறுகின்றது. ஆட்டம் முடிவதற்குச் சில கணங்களே உள. பதினைந்து வயதுப் பையன் ஒருவனுடைய கையிற் பந்து வந்து சேர்கின்றது. அவனுக்கும் வளையத்துக்கும் இடையில் எவருமில்லை. பயிற்சி வேளையில் அதே இடத்தில் நின்று, பத்துக்கு ஏழு முறை பந்தை வளையத்தினுள் இட்டவன் அவன். ஆயினும் அவன் எறியவில்லை. ஒரு கணம் வளையத்தை நோக்குகின்றான். மறுகணம் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்றுநரின் முகத்தை நோக்குகின்றான். பின்னர், பந்தை அவசரமாகத் தோழன் ஒருவனிடம் தள்ளிவிடுகின்றான். அத்தோழனையோ எதிரணியினர் இருவர் சூழ்ந்து நிற்கின்றனர். பந்து பறிபோகின்றது.

இப்பையனுக்கு எறியத் தெரியாதா? தெரியும். அவனிடத்திற் குறைவாயிருப்பது வேறொன்று. அதனைத் தன்னம்பிக்கை என்று பெயரிட்டு, "நம்பிக்கையோடு விளையாடு, தம்பி" என்று முதுகிலே தட்டி அனுப்புகின்றோம். குட்டையானவனைப் பார்த்து, "கொஞ்சம் உயரமாக இரு" என்று புத்தி சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. அவன் ஏன் வளையத்திலிருந்து கண்ணை எடுத்துப் பயிற்றுநரின் முகத்தைப் பார்த்தான்? இன்று நான் பேச வந்தது அந்த ஒரு பார்வையைப் பற்றியே.

முதலில், இவ்வாட்டத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். 1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் இவ்வாட்டம் பிறந்தது. அங்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் கனடா நாட்டவர். பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட வழியின்றி, மண்டபத்தினுள் அடைபட்டுக் குழப்படி செய்துகொண்டிருந்த ஒரு வகுப்பை வசப்படுத்துவது அவருடைய பொறுப்பாயிற்று. பீச்சுப் பழம் நிரப்பும் கூடைகள் இரண்டை 10 அடி உயரத்திற் பொருத்தினார். 13 விதிகளை எழுதினார். பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் ஆடினர். அந்த முதலாட்டம் முழுவதிலும் பந்து கூடையில் விழுந்தது ஒரே ஒரு முறைதான்.

ஆதலின், கூடைப்பந்தாட்டம் பிறந்தபோதே தவறுதலும் உடன் பிறந்தது என்று கூறினால் அது மிகையாகாது. இன்றைக்கும் உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் மோதும் அமெரிக்கப் போட்டிகளிற்கூட, ஆட்டத்தின் ஓட்டத்தில் எறியப்படும் பந்துகளிற் பாதிக்கு மேற்பட்டவை வளையத்தினுட் செல்வதில்லை. உழைப்பே தொழிலாகவும் ஊதியம் கோடிக்கணக்காகவும் உள்ளவர்களின் நிலை இது. அப்படியாயின், பள்ளிக்கூடம் விட்ட பின் ஒரு மணி நேரம் பயிலும் பிள்ளை ஐந்துக்கு மூன்றைத் தவறவிட்டால் அதில் வியப்பென்ன? இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். கிரிக்கெற் ஆட்டத்தில் ஆட்டமிழந்தவன் கூடாரத்துக்குச் சென்று தன் துயரைத் தனியே ஆற்றிக்கொள்ளலாம். கூடைப்பந்தாட்டத்திற் பந்தைத் தவறவிட்டவனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவன் அக்கணமே திரும்பி ஓடவேண்டும். அடுத்த அரை நிமிடத்திற்குள் பந்து மீண்டும் அவன் கைக்கு வந்துவிடலாம். எனவே இவ்வாட்டத்துக்கு வேண்டிய நம்பிக்கை "நான் தவறமாட்டேன்" என்னும் நம்பிக்கையன்று. "தவறிய பின்னும் நான் எறியலாம்" என்னும் நம்பிக்கையே. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாத பயிற்றுநர் மிகப் பலர்.

என் மாணவப் பருவத்து நிகழ்ச்சியொன்றைக் கூற அனுமதிப்பீர்களாக. ஊரையும் பாடசாலையையும் குறிப்பிடாது விடுகின்றேன். எங்கள் பயிற்றுநர் நல்லவர், ஆட்டத்திலும் வல்லவர். ஆயின், பந்தைத் தவறவிட்டவனை உடனே வெளியே அழைத்து வாங்கில் இருத்திவிடுவது அவருடைய வழக்கம். ஒரு போட்டியில் நான் இறங்கி மூன்று நிமிடங்கூட ஆகவில்லை. எறிந்த பந்து வளையத்தின் விளிம்பிற் பட்டு வெளியே தெறித்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பதிலாக இறங்குபவன் ஏற்கெனவே எழுந்து நின்று மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அன்று மிகுதி நேரம் முழுவதும் நான் வாங்கிலேயே இருந்தேன்.

அதன் பின்னர் அந்தப் பருவம் முழுவதும் நான் ஆடிய ஆட்டம் எத்தகையது தெரியுமா? பந்து என்னிடம் வராதபடி பார்த்துக்கொள்வதே என் ஆட்டமாயிற்று. எதிரணியானின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து நிற்பேன். தப்பித் தவறிப் பந்து வந்துவிட்டாற் சுடுசட்டியைத் தொட்டவன்போல அடுத்தவனிடம் கொடுத்துவிடுவேன். நான் தவறே செய்யவில்லை. ஏனெனில் எதையுமே செய்யவில்லை. இதிலுள்ள வேடிக்கை யாதெனில், எங்கள் பயிற்றுநர் இதனை முன்னேற்றம் என்று கருதினார். "இவன் இப்போது அடக்கமாக ஆடுகின்றான்" என்று பிறரிடம் கூறியதும் என் காதில் விழுந்தது. அச்சம் சில வேளைகளில் ஒழுக்கத்தின் உடையை அணிந்துகொண்டு வரும். அதனை இனங் காண்பது எளிதன்று. மறுவருடம் நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று எவரும் கேட்கவில்லை.

இனி, அறிஞர் கூறுவதைச் சற்று நோக்குவோம். அல்பேட் பண்டுரா என்னும் உளவியலறிஞர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், "இச்செயலை என்னாற் செய்ய முடியும்" என்னும் எண்ணம் ஒருவனிடத்தில் எவ்வாறு பிறக்கின்றது என ஆராய்ந்தார். அதற்கு ஊற்றுக்கள் நான்கு எனக் கண்டார். தானே முன்னர் அதனைச் செய்து முடித்தமை ஒன்று. தன்னை ஒத்தவர் அதனைச் செய்யக் காண்பது மற்றொன்று. பிறர் வாயால் வரும் ஊக்கமொழி வேறொன்று. செயலில் இறங்கும் வேளையில் தன் உடலும் உள்ளமும் இருக்கும் நிலை இன்னொன்று. இந்நான்கினுள்ளும் வலிமை மிக்கது முதலாவதே என்பது அவர் முடிபு. நாமோ, மைதானத்தின் ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்தி, மூன்றாவதையே பெரிதும் நம்பியிருக்கின்றோம்.

தானே செய்து முடித்தமை என்னும் முதலாவது ஊற்றைப் பெருக்குவது எவ்வாறு? அதற்குப் பெருஞ் செலவு எதுவும் இல்லை. வளையத்தின் விட்டம் 18 அங்குலம். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டமோ ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அஃதாவது, இரண்டு பந்துகளை அருகருகே வைத்தால், அவை ஒருங்கே நுழைவதற்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடமே போதாமலிருக்கும். கீழே நின்று பார்க்கும் பிள்ளைக்கு இது தெரியாது. அவன் கண்ணுக்கு வளையம் ஒரு மெல்லிய கோடு. ஒரு நாள் உறுதியான ஏணியொன்றை வைத்து, ஒவ்வொருவராக ஏற்றி, மேலிருந்து அந்த வாயைப் பார்க்கச் செய்யுங்கள். "இவ்வளவு பெரிதா!" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அந்த ஏணி செய்துவிடும்.

அடுத்து, எறியும் தூரம். பதின்ம வயதினருக்குத் தூரத்தில் நின்று எறிவதே வீரமாகத் தோன்றும். மைதானத்துக்குள் நுழைந்ததும் நடுக்கோட்டிலிருந்து எறியத் தொடங்குவர். இருபது எறிந்தால் ஒன்று விழும். பத்தொன்பது தோல்விகளோடு பயிற்சியை ஆரம்பித்தவராவர். இதற்கு மாறாக, வளையத்திலிருந்து 3 அல்லது 4 அடி தூரத்திலே நிறுத்துங்கள். ஒரு கையால், உருவம் பிசகாமல், மெதுவாக எறியட்டும். தொடர்ந்து ஐந்து முறை விழுந்தால் ஓரடி பின்னே செல்லலாம். விழாவிடின் ஓரடி முன்னே வரவேண்டும். முன்னே வருவதில் வெட்கமில்லை என்பதைப் பயிற்றுநர் தாமும் எறிந்து, தாமும் தவறி, தாமும் முன்னே வந்து காட்டுவாராயின் நன்று. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கொப்பி இருக்கட்டும். திகதி, நின்ற தூரம், எறிந்தது எத்தனை, விழுந்தது எத்தனை என்று எழுதட்டும். இரண்டு மாதம் சென்ற பின், "நீ முன்னேறியிருக்கின்றாய்" என்று நாம் சொல்லவேண்டிய தேவையே இராது. அவன் கையெழுத்தே அவனுக்குச் சாட்சி சொல்லும். பிறர் தந்த நம்பிக்கையைப் பிறர் பறித்துவிடலாம்; தன் கொப்பியில் உள்ளதை எவரும் பறிக்கமுடியாது.

இரண்டாவது ஊற்றைப் பற்றி ஒரு சொல். செய்து காட்டுவதற்கு அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனையே நாம் எப்போதும் அழைக்கின்றோம். அவனைப் பார்த்து மற்றவர் வியப்பர்; தம்மாலும் முடியும் என்று எண்ணார். சென்ற மாதம் வரை திணறி, இம்மாதம் கற்றுக்கொண்ட ஒருவனை அழையுங்கள். பார்ப்பவருக்கும் பயன், அவனுக்கும் பயன்.

இனி, மூன்றாவதான பேச்சுக்கு வருவோம். பயிற்றுநர் பேசவே கூடாதா? பேசலாம், ஆனால் எதைப் பேசுவது? ஜோன் வூடன் என்பவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் அணியை 1964ஆம் ஆண்டுக்கும் 1975ஆம் ஆண்டுக்கும் இடையிற் பத்து முறை அமெரிக்கக் கல்லூரிச் சம்பியனாக்கியவர். புதிதாய் வரும் இளைஞருக்கு அவர் கற்பிக்கும் முதற் பாடம் காலுறையைச் சுருக்கம் விழாமல் அணிவது எப்படி என்பதாம். அவருடைய இறுதிப் பருவத்தில் றோலண்ட் தாப், றொனால்ட் கலிமோர் என்னும் உளவியலாளர் இருவர் பயிற்சிக் களத்தின் ஓரத்தில் அமர்ந்து, பதினைந்து பயிற்சிகளில் அவர் கூறியவற்றையும் செய்தவற்றையும் வகை வகையாகக் குறித்தனர். கற்பித்தற் செயல்கள் 2,326 கணக்கிடப்பட்டன. அவற்றுள் பாராட்டு நூற்றுக்கு 6.9 பங்கு. கண்டிப்பு நூற்றுக்கு 6.6 பங்கு. ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு, எதனை எவ்வாறு செய்வது என்னும் வெறுஞ் செய்தியே.

இது நம்மிற் பலருக்கு வியப்பளிக்கும். புகழ்ந்து புகழ்ந்தே நம்பிக்கையை வளர்க்கலாம் என்பாரும் உளர். திட்டித் திட்டியே வளர்க்கலாம் என்பாரும் உளர். வூடன் இரண்டையும் சிறிதளவே செய்தார். பந்து தவறிய பிள்ளையிடம் "பரவாயில்லை" என்று சொல்வது அன்பான சொல்தான். ஆயினும் அடுத்த முறை என்ன செய்வது என்பதை அது அவனுக்குக் கூறவில்லை. "முழங்கை வெளியே போயிற்று, அடுத்ததில் உள்ளே வை" என்று சொன்னால், செய்வதற்கு ஒரு வேலையும், அதனைச் செய்தால் விழும் என்னும் நம்பிக்கையும் ஒருங்கே கிடைக்கின்றன. அன்றியும், "அடுத்ததில்" என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை, தனக்கு அடுத்தது ஒன்று உண்டு, தன்னை வாங்குக்கு அனுப்பப் போவதில்லை என்பதையும் அறிந்துகொள்கின்றான். உழைக்காதவனைப் பொய்யாகப் புகழ்வது இதனிலும் கேடு. பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையானவர்கள்; எறிந்தது பிழை என்று தெரிந்திருக்கும்போது "கெட்டிக்காரன்" என்று சொன்னால், நாம் உண்மையாகப் பாராட்டும் நாளிலும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொனால்ட் சிமித், பிராங்க் சிமோல் என்போர் 1970களில் இத்துறையில் ஆய்வு செய்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது சிறுவர் ஆடும் பேஸ்போல் ஆட்டம். நல்முயற்சியைப் பாராட்டுவது, தவறியவனுக்கு ஊக்கமும் விளக்கமும் தருவது, தண்டனையைத் தவிர்ப்பது என்பவற்றைப் பயிற்றுநர் சிலருக்குச் சில மணி நேரம் கற்பித்தனர். வேறு சிலரை முன்போல விட்டனர். பருவ முடிவிற் பார்த்தபோது, வெற்றி தோல்விக் கணக்கில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. ஆனால், பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய சிறுவர் ஆட்டத்தையும் பயிற்றுநரையும் பெரிதும் விரும்பினர். தம்மைத் தாமே தாழ்வாக எண்ணியிருந்த சிறுவரிடத்தில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. பயிற்றுநரின் ஒரு சொல்லால் உயர்வதும் தாழ்வதும் அத்தகைய பிள்ளையே என்பதை இதனால் அறிகின்றோம். அவனோ பெரும்பாலும் வாங்கின் கடைக்கோடியில் இருப்பவன்.

பதின்ம வயதுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. அதனைப் பயிற்றுநர் அறியாதிருப்பது பெருங்குறை. பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதளவிலும் மிக விரைவாக உயர்கின்றனர். கையும் காலும் நீண்டுவிடுகின்றன. சென்ற தைப்பொங்கலுக்குத் தைத்த சட்டை இவ்வருடம் போதாமற் போவதுபோலவே, சென்ற வருடம் பழகிய எறிவும் பொருந்தாமற் போகின்றது. நேற்றுவரை விழுந்த பந்து இன்று விழவில்லை. காரணம் தெரியாத பிள்ளை, "எனக்கு ஆட்டம் மறந்துவிட்டது" என்று கலங்குகின்றான். "உன் கை வளர்ந்திருக்கின்றது, ஐந்தாறு மாதத்திற் பழகிவிடும்" என்று ஒருவர் எடுத்துச் சொன்னாற் போதும். எத்தனையோ பேர் இதனைக் கேளாமலே ஆட்டத்தை விட்டுப் போயினர்.

உயரமே சுமையாகிவிடும் பெண்பிள்ளைகளும் உளர். வகுப்பிற் பின்வரிசை, புகைப்படத்திற் பின்வரிசை, வீட்டிலோ "இன்னும் வளராதே" என்னும் கேலி. தோளைக் குறுக்கிக் குனிந்து நடப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிடுகின்றது. அத்தகைய பிள்ளைகளுக்கு நம் நாட்டிலேயே காட்டத்தக்க ஒருவர் இருக்கின்றார். கூடைப்பந்தாட்டத்தின் உடன்பிறப்பான வலைப்பந்தாட்டத்தில், யாழ்ப்பாணத்து மகளாகிய தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக வளையத்தின் கீழ் நின்று எறிந்தவர். அவருடைய உயரம் 6 அடி 10 அங்குலம். 2018ஆம் ஆண்டில் இலங்கை ஆசியச் சம்பியனானபோது எதிரணிகள் எல்லாம் அஞ்சியது அந்த உயரத்தைத்தான்.

மைக்கல் ஜோர்டன் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1978ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், வட கரோலைனா மாநிலத்து வில்மிங்டன் நகர்ப் பாடசாலை அணியிலிருந்து அவர் தள்ளப்பட்டார், அந்த அவமானமே அவரை வீரனாக்கிற்று என்று கூறுவர். பிள்ளைகளைக் கடுமையாக நடத்துவதற்கு இக்கதையை ஆதாரமாகக் காட்டுவாரும் உளர். நடந்தது வேறு. முதலணியில் இடம் கிடைக்காத அவர் இரண்டாம் அணியிற் சேர்க்கப்பட்டார். அப்பருவம் முழுவதும் அவ்வணியில் ஆடினார்; எறிந்தார்; தவறினார்; மீண்டும் எறிந்தார். உயரமும் கூடிற்று. மறுவருடம் முதலணியில் இடம் பெற்றார். 1982ஆம் ஆண்டு கல்லூரிச் சம்பியன் இறுதியாட்டத்தில், பத்தொன்பது வயதில், வெற்றி எறிவை எறிந்தவர் அவரே. முதலணியின் வாங்கில் ஒரு வருடம் அமர்ந்திருப்பாராயின் அவர் கற்றிருக்கக்கூடியது மிகக் குறைவு. இரண்டாம் அணி அவருக்கு ஆட்ட நேரத்தைத் தந்தது. நம் பாடசாலைகளில் இரண்டாம் அணிக்குப் போட்டி ஒழுங்குசெய்ய முனைவோர் எத்தனை பேர்?

நான்காவது ஊற்றாகிய உடல் நிலையைச் சுருக்கமாகவே கூறுவேன். எதிரணி தவறிழைத்தால், பலகையிலிருந்து 15 அடி தூரத்துக் கோட்டில் நின்று, எவர் தடையுமின்றி எறியும் வாய்ப்புத் தரப்படும். தடுப்பவர் இல்லை, ஆயினும் அதுவே பலருக்குப் பெருஞ் சோதனை. எல்லார் கண்ணும் ஒருவன்மேல். நெஞ்சு படபடக்கின்றது. "எனக்குப் பயம் வந்துவிட்டது, இனித் தவறும்" என்று பிள்ளை எண்ணுகின்றான். இதயம் வேகமாகத் துடிப்பது உடல் ஆயத்தமாவதன் அடையாளம், பெரிய வீரருக்கும் அப்படியே துடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சர்வதேச விதிப்படி எறிவதற்கு 5 விநாடி உண்டு. இரண்டு முறை பந்தைத் தட்டுதல், ஒரு மூச்சை நீளமாக விடுதல், வளையத்தைப் பார்த்தல், எறிதல் என ஒரே ஒழுங்கைப் பயிற்சியிலும் போட்டியிலும் மாறாது பின்பற்றினால், அந்த ஐந்து விநாடியில் அச்சத்துக்கு இடமிராது. பயிற்சி முடிவில், ஓடிக் களைத்து மூச்சு வாங்கும்போது, மற்றவர் சுற்றி நிற்க, ஆளுக்கு இரண்டு எறியச் செய்யுங்கள். போட்டியில் வரும் படபடப்பு அப்போது பழகிய விருந்தாளியாகிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மைதானத்தின் ஓரத்தில் நின்று "எறி", "எறியாதே" என்று கூவாதிருங்கள். வீட்டுக்கு வரும் வழியிலும் ஆட்டத்தை ஆராயவேண்டாம். பிள்ளைக்குப் பசிக்கும், சாப்பாட்டைக் கொடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலையொன்றில் இளம் அணியொன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம், நல்ல கை. பயிற்சியில் அழகாக எறிவாள். போட்டியில் மட்டும் பந்து வந்த கணமே அடுத்தவளிடம் கொடுத்துவிடுவாள். அவள் ஒளிந்து நின்ற இடங்களெல்லாம் எனக்கு நன்கு பழக்கமான இடங்கள். ஆதலால் அவளிடம் நம்பிக்கையைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. "பிள்ளை, இந்தப் போட்டியில் மூன்று முறை எறியவேண்டும். விழுகின்றதா என்று நான் பார்க்கமாட்டேன். எறிந்தாயா என்று மட்டுமே எண்ணுவேன். மூன்றும் எறியும்வரை உன்னை வெளியே எடுக்கவும் மாட்டேன்" என்றேன்.

முதற் போட்டியில் ஒரு முறைதான் எறிந்தாள். அடுத்ததில் இரண்டு. நான் சொன்னபடியே அவளை வெளியே எடுக்கவில்லை. அதற்காக மற்றப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஏச்சும் வாங்கினேன். மூன்றாம் போட்டியின் பிற்பாதியில் அவள் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பிற் பட்டு வெளியே தெறித்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. இருவரை விலக்கிக்கொண்டு ஓடி, தான் தவறவிட்ட பந்தைத் தானே எட்டிப் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே மறுபடியும் எறிந்தாள்.